‘டக்’ கேட்கும்வரை

கரண்ட் வந்ததும் என் ஃபிரிட்ஜ் உறுமியது, ஓடவில்லை. சுவிட்சை அணைத்துவிட்டுக் காத்திருந்தேன்.

இரண்டாம் உலக யுத்த காலத்தில், என் சிறுவயதில், மயிலாப்பூரில் எங்கள் தெருவுக்கே ஒரு ஃபிரிட்ஜ்தான். டாக்டர் வீட்டு மாமியுடையது. அப்பாவின் இன்சுலின் அதில்தான் இருந்தது. வேறு புட்டி கிடைப்பது அரிது. ஒருநாள் கரண்ட் போய் வந்தபோது அதுவும் இப்படித்தான் உறுமியது. அம்மா பதறிப்போய் சுவிட்சை மாற்றி மாற்றித் தட்டினாள்.

மாமி அவள் கையைப் பிடித்தாள். “தட்டிண்டே இருந்தா மோட்டார் கருகிடும்டி. உள்ள கேஸ் அடங்கட்டும். அப்புறம் சுவிட்சைப் போட்டா கெபாசிட்டர் மோட்டாரைத் தள்ளிவிடும்; ஓட ஆரம்பிச்சதும் ரிலே ‘டக்’குனு கெபாசிட்டரை விலக்கிடும்னு மெக்கானிக் பாய் சொல்லியிருக்கார்.”

பிடித்த கையை மாமி விடவேயில்லை; சற்றுப் பொறுத்து மறு கையால் சுவிட்சைப் போட்டாள். ‘டக்’ கேட்டதும் அம்மா அழுதுவிட்டாள்.

இப்போது உள்ளே இருப்பது என் இன்சுலின். மறுபடி சுவிட்சைப் போட்டேன். ‘டக்’ கேட்கும்வரை என் கையை நானே பிடித்துக்கொண்டு நின்றேன்.