டிபன் பாக்ஸில் ஒரு துண்டு ரோடு

மருத்துவமனைக் கட்டிலில் மகளைப் பார்த்ததும் நான் கேட்ட முதல் கேள்வி, "வேகமா வந்தியா?" என்பதுதான். வலது மணிக்கட்டு உடைந்து கிடந்தவளிடம் பெற்ற தாய் கேட்டது அது. வீட்டுக்கு வந்ததும் ஸ்கூட்டர் சாவியை என் பீரோவில் போட்டாள். "தப்பு என் மேலதாம்மா. நான் இனிமே காலேஜுக்குப் போவல" என்றாள். நர்சிங் முடிக்க இன்னும் ஒரு வருடம்தான் பாக்கி.

அவள் ஸ்கூட்டரோடு விழுந்தது கரியமாணிக்கம் தாண்டி, கரும்புக்கு நடுவே போகிற ரோட்டில். தார் போட்டு ஒரு மழைக்காலம்தான் ஆகிறது. பள்ளத்தில் தண்ணீர் நின்றதால் ஆழம் அவளுக்குத் தெரியவில்லை.

தண்ணீர் வடிந்த பிறகு போய்ப் பார்த்தேன். பள்ளத்தின் ஓரத்தில் பெயர்ந்து கிடந்த ஒரு துண்டை எடுத்துவந்தேன். எங்கள் தெருவில் குழாய்க்குத் தோண்டிப் போட்டிருந்த பழைய ரோட்டிலிருந்தும் ஒரு துண்டு. இரண்டையும் தனித்தனி டிபன் பாக்ஸில் போட்டு, வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, ஆற ஆற மாற்றி, ஒரு நாள் வைத்தேன். நான் பள்ளியில் வேதியியல் நடத்துகிறவள். எனக்குத் தெரிந்த வழி அதுதான்.

பழையது கருப்பாக, கெட்டியாக இருந்தது. புதியது கட்டைவிரல் பட்டதும் உதிர்ந்தது. ஜல்லியில் தாரே இல்லை. கழுவி வைத்ததுபோல் சாம்பல் நிறம். தூசியும் ஈரமும் உள்ள ஜல்லியைத் தார் பிடிக்காது. இடையில் தண்ணீர் புகுந்து உரித்துவிடும். அந்த ரோடு போட்ட காலையில்தான் மழை விட்டிருந்தது. தேங்கிய தண்ணீரைத் துடைப்பத்தால் தள்ளிவிட்டு அதன் மேலேயே கொட்டினார்கள். நானும் நின்று பார்த்தேன். ரோடு வருகிறதே என்று சந்தோஷப்பட்டேன்.

ரோடு ஆபீசில் நான் கொடுத்த மனுவைப் பார்த்துவிட்டு வந்த இன்ஜினீயர் இளைஞர். பள்ளத்துக்குப் பக்கத்தில் ஷூவால் தேய்த்துப் பார்த்தார்.

"எப்பிடி கருப்பா, கெட்டியா இருக்குது பாருங்க டீச்சர். ரோட்ல குறையே இல்ல. பொண்ணு ஸ்பீடா வந்துருக்கும்."

"நீங்க பாத்தீங்களா சார்?"

"இந்த வயசுப் பசங்க எப்பிடி ஓட்டுவாங்கன்னு தெரியாதா?"

என் கேள்வியையே அவர் வாயில் கேட்டதும் பொறுக்கவில்லை. புதுத் துண்டு இருந்த பாக்ஸைத் திறந்து நீட்டினேன். "மேல தேய்க்காதீங்க. இத அமுக்கிப் பாருங்க."

கரும்பு டிராக்டரை நிறுத்தி வேடிக்கை பார்த்தவர் சிரித்தார். "டீச்சர் சோறு கட்டினு வந்துக்கிறாங்க, சாப்புட்டுப் பாரு சார்!"

இன்ஜினீயர் அமுக்கினார். வெறும் ஜல்லி அவர் ஷூவின்மேல் கொட்டியது.

"சரி, மழைன்னு எழுதிக்கிறேன்."

இன்னொரு பாக்ஸையும் திறந்தேன். "மழ எல்லா ரோட்லயுந்தான் பெய்யுது சார். இந்தப் பழைய துண்டும் தண்ணியிலதான் கிடந்துச்சி. இது ஏன் பிரியல?"

"மேல கேட்டுட்டு எழுதுறேன்" என்று பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு போய்விட்டார்.

வீட்டில் ஒரு ஜல்லியை மகள் முன்னால் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். இடது கையால் அதைப் புரட்டிப் பார்த்தாள்.

"அந்த சார மட்டும் திட்டுற. நீயுந்தானம்மா அதையே கேட்ட?"

"ஆமாடி. கேட்டிருக்கக் கூடாது."

ஜல்லியை என் பக்கம் தள்ளிவைத்தாள். "அவுரு எழுதலன்னா இன்னா பண்ணுவ?"

"மறுபடியும் ஆபீசுக்குப் போவேன்."

"நானும் வரேன். என் கையப் பாத்துட்டு ஸ்பீடுன்னு எழுதட்டும்."

ஸ்கூட்டர் சாவியை அவள் கேட்கவில்லை. பஸ்ஸில்தான் வருவாளாம்.