மாப்பிள்ளை மாட்டிய ஃபில்டர்

சமையலறையிலிருந்து "த்தூ" என்றொரு சத்தம் வந்தது. உடனே குழாயைத் திறந்துவிடும் சத்தம். அந்த இரண்டுக்கும் அடியில், யாருக்கும் கேட்டுவிடக் கூடாதென்று தொண்டையிலேயே அமுக்கிய ஒரு குமட்டல்.

முன்னறையில் உட்கார்ந்து துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்த மாமியாரின் கைகள் அப்படியே நின்றன.

"என்னம்மா, வாய் கொப்பளிக்கிறியா?"

"ஆமாத்தை, சும்மாதான்."

பொய். சொன்ன மருமகளுக்கும் தெரியும், கேட்ட மாமியாருக்கும் தெரியும். அந்த வீட்டில் கொஞ்ச காலமாக எல்லோரும் ஒரே பொய்யைத்தான் பங்கு போட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் நாறவில்லை என்ற பொய்.

தண்ணீர் நாறியது. வாளியில் ஊறப்போட்டு மறந்துபோன தரைத்துணியைப் பிழிந்து டம்ளரில் பிடித்த மாதிரி நாறியது. காய்ச்சினால் சூடாக நாறியது. டீ போட்டால் டீயையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டு நாறியது. ஆனால் வாய் திறந்து சொல்ல முடியாது. பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே, வெள்ளை வெளேரென்று சுவரில் தொங்கிக்கொண்டிருந்த அந்தக் கார்பன் ஃபில்டர் மாப்பிள்ளை மாட்டியது.

மாப்பிள்ளை அந்த வீட்டின் ஒரே மகளைக் கட்டியவர். ஃபில்டர் விற்கும் கம்பெனியில் வேலை. குழாய்த் தண்ணீரில் ப்ளீச்சிங் பவுடர் வாடை தூக்குகிறது என்று ஒரு நாள் பேச்சுவாக்கில் சொன்னதற்கு, அடுத்த ஞாயிறே சுவரைத் துளைக்கும் மெஷினோடு வந்து நின்றார். "உள்ள இருக்கிறது கரி, அத்தை. வாடை, மருந்து எல்லாத்தையும் அது இழுத்துக்கும். ஒரு தடவை மாட்டினா ஆயுசுக்கும் கை வைக்க வேண்டாம்." சொன்னபடியே கொஞ்ச காலம் தண்ணீர் தேனாக இருந்தது. மாமியார் தெருவெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டாள். பிறகு மெல்ல மெல்லக் கெட்டது.

சொல்லிவிட வேண்டியதுதானே என்பீர்கள். அதற்கு முன்னால் அவர் வாங்கித் தந்த சுவர்க் கடிகாரத்தை முன்னறையில் மாட்டாமல் உள்ளறையில் மாட்டிவிட்டார்கள். அவ்வளவுதான் குற்றம். மழை முடிந்து வெயில் ஏறும்வரை, மகளை அம்மா வீட்டு வாசலை மிதிக்கவிடவில்லை அந்த மனிதர். ஃபோனில் மகள் அழுத அழுகை இன்னும் அந்தத் தாயின் காதில் இருந்தது. கடிகாரத்துக்கே அப்படி என்றால் ஃபில்டருக்கு?

அதனால் ஆளாளுக்கு ஒரு வழி கண்டுபிடித்துக்கொண்டார்கள். மகன் ஆபீசிலிருந்து பாட்டிலில் பிடித்துக்கொண்டு வந்தான். சினிமாக் கொட்டகையில் டிக்கெட் கிழித்து ஓய்வு பெற்ற மாமனார், "காலார நடந்துட்டு வரேன்" என்று டீக்கடைக்குப் போய் வயிறு முட்டக் குடித்துவிட்டு வந்தார். மாமியாரோ, மூச்சைப் பிடித்துக்கொண்டு மருந்து குடிப்பதுபோல் குடித்தாள்.

அவளால் முடியும். பெரிய ஆஸ்பத்திரியின் பெண்கள் வார்டில் தலை நரைக்கும்வரை ஆயா வேலை பார்த்தவள். அவளுக்கு அங்கே 'மூக்கில்லாத அக்கா' என்று பெயர். பெட்பேன் எடுப்பாள், சீழ் துடைப்பாள், வாந்தியை வாரிக் கொட்டுவாள். நர்சுகளே முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடும் படுக்கைக்கு அவள்தான் போவாள். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. புதிதாகச் சேரும் பெண்களிடம் சொல்வாள்: "நாத்தத்தை ஏண்டி பாக்குற? அந்தம்மா கண்ணைப் பாரு. நீ மூஞ்சிய சுளிச்சா, அவங்க செத்தே போயிடுவாங்க."

அப்பேர்ப்பட்டவள் மருமகளை மட்டும் மறந்துபோனாள்.

மருமகள் வெளியே வேலைக்குப் போகிறவள் இல்லை. வீட்டோடு தையல் மெஷினில் உட்கார்ந்து பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைக்கிறவள். அவளுக்கு ஆபீசும் இல்லை, டீக்கடையும் இல்லை. மாமியார் குடிக்கிறாளே, நாம் குடிக்கவில்லை என்றால் நாத்தனாரின் வீட்டுக்காரரை அவமதித்ததாக ஆகிவிடுமே என்று அந்தத் தண்ணீரையே குடித்தாள். குடித்துக் குடித்து வயிறு கெட்டது. பேதி நிற்காமல், கண் உள்ளே போய், தூக்கிக்கொண்டு ஓடினார்கள். எங்கே? மூக்கில்லாத அக்கா வேலை பார்த்த அதே வார்டுக்கு!

டாக்டரம்மா கேட்டார்: "வீட்ல தண்ணி எப்படி?"

"நல்ல தண்ணிங்க. எங்க மாப்பிள்ளை மாட்டின ஃபில்டர்."

சொன்னது யார்? மாமியார்தான். கட்டிலில் கிடந்த மருமகள் அப்போது திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். கோபம் இல்லை அதில். கோபம் இருந்திருந்தால் தேவலை.

இப்போது வீடு திரும்பியும் அதே தண்ணீர், அதே ஓங்கரிப்பு. மகன் ஒரே பிடியாக நின்றுவிட்டான். "வேற ஃபில்டர் பாத்துட்டேன்மா. கடையில ரெண்டு மூணு இருக்கு, ஒண்ணு எடுத்துட்டு வரேன்." மாமியார்தான் அவன் கையைப் பிடித்துக் கெஞ்சி, "மாப்பிள்ளையே வந்து நல்லதா ஒண்ணு சொல்லட்டும்டா. நாமளா வாங்கினா உன் தங்கச்சிக்குத்தான் கஷ்டம்" என்று சொல்லி, அவருக்கு ஃபோன் போட்டிருந்தாள்.

அழைப்பு மணி அடித்தது.

மாப்பிள்ளை உள்ளே வந்தார். தோளில் பை, கையில் பளபளவென்று விளம்பரத் தாள்கள். பின்னால் மகள்.

"அண்ணி, எப்படி இருக்கீங்க? துரும்பா இளைச்சுட்டீங்களே!"

"உங்கண்ணன் டயட் இருக்கச் சொன்னாரு" என்று மருமகள் சிரிக்கப் பார்த்தாள்.

மாப்பிள்ளை மேசைமேல் தாள்களைப் பரப்பினார். "வாங்க மச்சான், உக்காருங்க. இது பொடிக் கரி. இது கட்டிக் கரி. பொடின்னா தண்ணி சந்து பொந்துல ஓடிடும். கட்டின்னா ஒரு சொட்டு தப்பாது. இது மூணு டப்பா, மூணு கரி. உங்களுக்குன்னா பாதி விலைக்கு முடிச்சுத் தரேன்."

"பழசுக்கு என்ன ஆச்சு மாப்ள?"

"பழசு பழசுதானே மச்சான். டெக்னாலஜி மாறிட்டே இருக்கு."

"மூணு டப்பாவா?" என்றார் டிக்கெட் கிழித்த பெரியவர். "ஒரு டப்பாவுக்கே டீக்கடைக்காரன் என்னைத் தத்து எடுத்துக்கிட்டான்."

"நீங்க சும்மா இருங்க" என்று மனைவி அதட்டினாள். வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்க வேண்டுமே என்று உள்ளே போய் டம்ளரில் பிடித்தாள். டம்ளரை மாப்பிள்ளையிடம் நீட்டினாள்.

"வேண்டாம் அத்தை. இப்பத்தான் குடிச்சுட்டு வந்தேன்."

அவள் டம்ளரை மேசைமேல் வைத்தாள். கை மட்டும் அதை விட்டு வரவில்லை.

இப்பத்தான் குடித்துவிட்டு வந்தாராம். போன தடவையும் இதேதான். அதற்கு முந்தின தடவையும். விருந்துக்கு வந்த அன்று? "எனக்குச் சோடா போதும்." காய்ச்சலோடு வந்து மாத்திரை போட்ட அன்று? பையிலிருந்து தன் பாட்டிலை எடுத்தார். எத்தனை கூச்சம், எத்தனை அடக்கம் என்று அன்று பூரித்துப் போனாளே!

பேசிப் பேசித் தொண்டை வறண்ட மாப்பிள்ளை, அப்போதும் பையின் ஓரத்திலிருந்து பாட்டிலை உருவி, முகத்தைத் திருப்பிக்கொண்டு இரண்டு மடக்கு குடித்துவிட்டு, மேசைமேல் தாள்களுக்குப் பக்கத்தில் வைத்தார்.

ஆஸ்பத்திரிக் கேன்டீனில் ஒரு சமையல்காரர் இருந்தார். தன் சாப்பாட்டை மட்டும் வீட்டிலிருந்து டிபன் கேரியரில் கொண்டுவருவார். கேன்டீன் சாப்பாட்டைத் தின்று வார்டே வாந்தி எடுத்த அன்று, அது ஏன் என்று எல்லோருக்கும் புரிந்தது. அது இப்போது ஏன் அவளுக்கு நினைவு வர வேண்டும்?

"டேய்," என்றாள் மகனிடம். "அந்தப் பழச கழட்டு."

"அத்தை, இப்ப எதுக்கு? புதுசு மாட்டும்போது நானே கழட்டிக்கிறேன்" என்று மாப்பிள்ளை பாதி எழுந்தார்.

"நீங்க உக்காருங்க மாப்பிள்ளை. களைச்சுப்போய் வந்திருக்கீங்க."

மகன் ஸ்பேனரைப் போட்டுத் திருகினான். டப்பா அசையவில்லை. மீண்டும் மூச்சைக் கட்டித் திருகினான். வழவழவென்று ஏதோ இளகிக்கொடுத்தது. டப்பா கழன்று அவன் கைக்கு வந்தது.

ஐயோ, அதை எப்படிச் சொல்வது! உள்ளே கரி என்று ஒன்று இருந்ததா என்றே தெரியவில்லை. சளிபோலப் பச்சையும் கறுப்புமாகக் கோழை கோழையாக ஒன்று அந்த உருளையைச் சுற்றிப் போர்த்தியிருந்தது. தொட்டால் நடுங்கியது. டப்பாவின் அடியில் தேங்கியிருந்த தண்ணீரில் அதன் இழைகள் மிதந்தன. வீடு முழுக்க ஒரு வீச்சம் எழுந்தது, சாக்கடை மூடியைத் திறந்த மாதிரி. பெரியவர் வாசலுக்கே ஓடிவிட்டார். மருமகள் புடவையை வாயில் அடைத்துக்கொண்டு சுவரோடு சாய்ந்தாள். இதையா? இதைத் தாண்டி வந்ததையா இத்தனை நாள் குடித்தாள்?

"இந்தக் கரிய அப்பப்ப மாத்தணுமா மாப்ள?" மகன் டப்பாவை அவர் முன்னால் நீட்டினான். "ஆயுசுக்கும் கை வைக்க வேண்டாம்னீங்களே?"

"ஆறு மாசத்துக்கு ஒரு தடவ மாத்தணும்னு சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும் மச்சான். நீங்க கேட்டுக்கல."

"எங்க வீட்ல நீங்கதானே மாத்துறீங்க?" என்றாள் மகள். கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று அவளுக்கே புரிந்ததுபோல் திகைத்து நின்றாள். "இங்க மாத்தலையா? மாத்தறேன்னுதானே எங்கிட்ட சொன்னீங்க?"

மாப்பிள்ளையின் முகம் சிவந்தது. "அப்புறம் என்ன? சொந்தக்காரங்கன்னா கரிக்குக் காசு கேக்க முடியுமா? ஒவ்வொரு தடவையும் என் பாக்கெட்லேருந்தா போடுவேன்? மாத்த வேண்டாம்னு சொன்னா பேச்சு அங்கேயே முடிஞ்சுது. தண்ணி வருதா இல்லையா? அது போதாதா?"

இவ்வளவுதானா? ஒரு கரி உருளை. அதைக் கேட்டால் கொடுத்திருக்க மாட்டார்களா? அதற்காகவா ஒரு பெண்ணின் குடல் கழன்றது?

மூக்கில்லாத அக்கா மேசைமேல் இருந்த டம்ளரை எடுத்தாள். அவர் முன்னால் நீட்டினாள். குரல் உயரவே இல்லை.

"குடிங்க மாப்பிள்ளை."

"என்ன விளையாட்டு இது?"

"நீங்க மாட்டினதுதானே. ஒரு மடக்கு. என் மருமக குடிச்சா. நான் குடிச்சேன். நீங்களும் குடிங்க."

"என்னைக் கூப்பிட்டு வச்சு அவமானப்படுத்துறீங்களா? சரி. இனிமே இந்த வீட்டுப் பக்கம் உங்க பொண்ணு தலை வச்சுப் படுக்க மாட்டா. கடிகாரம் ஞாபகம் இருக்கில்ல?"

அந்த ஒரு வார்த்தைக்குப் பயந்துதானே அவள் இத்தனை நாள் மூச்சைப் பிடித்துக் குடித்தாள்! மகளைப் பார்த்தாள். மகள் ஓடி வந்தாள். அம்மாவின் கையிலிருந்த டம்ளரைப் பறித்தாள்.

"நான் குடிக்கிறேன்மா. அவருக்குப் பதிலா நான் குடிச்சுடறேன். இத்தோட விட்டுடுங்க."

டம்ளர் உதட்டைத் தொட்டது. பெற்றவள் பாய்ந்து அதைத் தட்டிவிட்டாள். தண்ணீர் மகளின் புடவை முழுக்கக் கொட்டியது. டம்ளர் உருண்டுபோய் மருமகளின் காலடியில் நின்றது.

"போதும்!" என்றாள். அந்த வீட்டில் அவள் குரல் அப்படி எழுந்து யாரும் கேட்டதில்லை. "இந்த வீட்ல இனிமே யாரும் மரியாதைக்காக எதையும் குடிக்க வேண்டாம். ஒருத்தி குடிச்சுப் படுத்தது போதும்."

பிறகு மருமகளிடம் போனாள். அந்தப் பெண்ணின் குளிர்ந்த கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டாள்.

"டாக்டரம்மாகிட்ட நான் பொய் சொன்னேன். நீ பாத்துட்டே இருந்த. என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேம்மா."

"கேட்டா உங்க பொண்ணு வர மாட்டாங்களே, அத்தை" என்றாள் மருமகள்.

அதற்கு மேல் மாமியாரால் தாங்க முடியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு மகனிடம் திரும்பினாள். "கடையில என்னென்ன இருக்குன்ன?"

"மூணு டப்பா ஒண்ணு, ஒரே டப்பா ஒண்ணும்மா. அந்த ஒண்ணு சாதாரணம்தான். டப்பா கண்ணாடி மாதிரி இருக்கும், உள்ள இருக்கிறது வெளிய தெரியும். கரியைக் கடையிலயே வாங்கி நாமளே மாத்திக்கலாம்."

"அதை எடுத்துட்டு வா. எனக்கு உள்ள தெரியணும்."

மாப்பிள்ளை தாள்களை வாரிப் பைக்குள் திணித்தார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே கத்தினார். "வரியா, இல்ல இங்கயே இருக்கப் போறியா?"

மகள் நனைந்த புடவையோடு நின்றாள். கீழே குனிந்து டம்ளரை எடுத்தாள். "நீங்க போங்க. அண்ணியால குனிஞ்சு நிமிர முடியல. இதெல்லாம் கழுவிட்டு அப்புறம் பேசுறேன்."

அவர் படியில் தடதடவென்று இறங்கினார். பாதி வழியில் நின்றார். மீண்டும் ஏறி வந்தார். மனைவியை அழைத்துப்போக இல்லை. மேசைமேல் பாட்டிலை விட்டுவிட்டிருந்தார்.

மாமியார்தான் அதை எடுத்துவந்தாள். தெளிந்த, குளிர்ந்த, நல்ல தண்ணீர் பாதி மிச்சம் இருந்தது. எத்தனையோ பெட்பேன்களை மடியோடு அணைத்துச் சுமந்த அந்தக் கை, அந்தச் சுத்தமான பாட்டிலை இரண்டு விரலால் கழுத்தைப் பிடித்து, உடம்பிலிருந்து எட்டி நீட்டியது.

அவர் வாங்கிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார். வார்டில் ஒருவரும் பார்த்திராத ஒன்று அந்த முகத்தில் இருந்தது. மூக்கில்லாத அக்காவின் முகம் சுளித்திருந்தது.

அவள் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள்.