ஊட்டி விடாதீர்கள்

காலை பத்து இருபதுக்கு என் மகனின் ஃபோனிலிருந்து அழைப்பு வந்தது. பேசியது அவன் இல்லை, கம்பெனியில் அவனோடு வேலை செய்பவர்.

"அக்கா, பையனுக்குக் கையில அடி. மெட்ராஸுக்கு இட்டுக்கினு போறோம், நீங்க நேரா அங்க வந்துடுங்க."

"எந்தக் கை?"

"சோத்துக் கைதான்க்கா."

எத்தனை விரல் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. புதுவாயலில் மருந்துக்கடை மாடியிலுள்ள என் அறையில் நின்றிருந்தேன். எதிரே, தகடு அழுத்தும் பிரஸ் மிஷினில் விரல்களை இழந்த ஒருவர் சட்டைப் பொத்தானோடு போராடிக்கொண்டிருந்தார். அவரை அப்படியே விட்டுவிட்டு இறங்கி ஓடினேன்.

நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். கை கால் முன்போல் இல்லாதவர்களை, மீதி இருப்பதைக் கொண்டு மறுபடி குளிக்க, உடுத்த, சாப்பிட, வேலைக்குப் போகப் பழக்குவது என் தொழில். கூலிக்கு நடவு நட்டு என்னைப் படிக்க வைத்த அம்மாவுக்கு அந்தப் பெயர் வாயில் நுழையவில்லை. தெருவில் எல்லோரிடமும் "கை டாக்டரு" என்றுதான் சொல்வாள். திருவள்ளூரில் ஒரு மருத்துவமனையில் முதல் வேலை. பிசியோதெரபி அறையின் மூலையில் எனக்கு ஒரு மேசை போட்டார்கள். பக்கவாதம் வந்தவர்களை எப்போதாவது என்னிடம் அனுப்புவார்கள். கும்மிடிப்பூண்டி கம்பெனிகளில் அடிபட்ட கைகள் வரத் தொடங்கிய பிறகுதான் புதுவாயலில் அந்த அறையை வாடகைக்குப் பிடித்தேன்.

முதலில் வந்தவர் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"கரண்ட் வெக்கிற மிஷின் ஒண்ணும் காணமே? பட்டன் போடக் கத்துக்கவா நானு பஸ் ஏறி வந்தேன்?"

"இப்ப ஊட்ல யாரு போட்டு வுடறாங்க?"

"சம்சாரம்தான்."

"அவங்க ஊருக்குப் போயிட்டா?"

"பனியனோட திரிய வேண்டியதுதான்" என்று சிரித்தார். அடுத்த வாரம் தன்னோடு வேலை செய்த இன்னொருவரையும் அழைத்து வந்தார். என் தொழில் இப்படித்தான் வளர்ந்தது.

கைகளைவிட வீட்டாரோடுதான் எனக்குப் பாடு அதிகம். அடிபட்டவனுக்கு அம்மாவோ மனைவியோ பிசைந்து ஊட்டுவார்கள். பாசம்தான். ஆனால் மாதக்கணக்கில் ஊட்டிக்கொண்டவன் பிறகு தட்டில் கை வைக்கவே கூசுவான். ஊட்டி விடாதீர்கள் என்று ஒவ்வொரு குடும்பத்திடமும் சொல்வேன். ஒரு தாய் என்னிடம் கேட்டாள், "நீயும் புள்ள பெத்தவதானே?"

"ஆமாம்மா" என்றேன். அன்றைக்கு அதற்கு மேல் யோசிக்கவில்லை.

மகன் டிப்ளமோ முடித்துவிட்டு ஒரு கம்பெனியில் சேர்ந்தபோது, பிரஸ் பக்கம் மட்டும் போகாதே என்று கேட்டுக்கொண்டேன். பேக்கிங்கில்தான் இருந்தான். அன்று பிரஸ் ஓட்டுகிறவர் வரவில்லை என்று இவனை அங்கே நிறுத்தியிருக்கிறார்கள். நான்கு விரல்கள் போயின. கட்டைவிரல் இருந்தது.

புண் ஆறி ஆரம்பாக்கத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தான். ஆஸ்பத்திரியிலிருந்தே அவன் அப்பாதான் ஊட்டிக்கொண்டிருந்தார். நானும் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன். ஒரு நாள் அவர் கையிலிருந்து தட்டை வாங்கி மகன் முன்னால் வைத்தேன். ஸ்பூன் செருகும் பட்டையை அவன் உள்ளங்கையில் கட்டப் போனேன். எத்தனையோ பேருக்குக் கட்டிய பட்டை. அவன் கையை இழுத்துக்கொண்டான்.

"எம்மா, நானு உன் பேஷன்ட் இல்ல. எடுத்துக்கினு போ."

அன்றும் மறுநாளும் டீயைத் தவிர எதையும் தொடவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

"இன்னா மனசு உன்துது?" என்றார் கணவர். "ஊரான் கையெல்லாம் பாத்துப் பாத்து மரத்துப் போச்சா? புள்ள பட்டினியா கெடக்கறான்."

"இப்ப ஊட்டுனா கடைசி வரைக்கும் ஊட்டணும்."

"ஊட்டறேன். நானு இருக்கற வரைக்கும் ஊட்டறேன்."

"அப்புறம்?"

அவர் சமையலறையில் போய் நின்றுகொண்டு அழுதார். நான் செய்வது சரிதான் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், இன்னும் ஒரு வேளை அவன் சாப்பிடாமல் போனால் நானே பிசைந்து அவன் வாயில் வைத்துவிடுவேன் என்பதும் தெரிந்தது.

புதுவாயலில் என்னிடம் வேலை பழகி, இப்போது அறையைத் தனியாகப் பார்த்துக்கொண்டிருந்த பெண்ணுக்கு ஃபோன் செய்தேன். முன்பே அவள் வருகிறேன் என்றபோது, என் பிள்ளையை நான் பார்த்துக்கொள்ள மாட்டேனா என்று மறுத்திருந்தேன். இப்போது வரச் சொன்னபோது, ஏன் என்று அவள் கேட்கவில்லை.

மதியம் வந்தாள். கை கழுவிக்கொண்டு அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். பட்டையை எடுக்கவில்லை, கையைக் காட்டச் சொல்லவில்லை. அவன் முதுகைப் பார்த்து, "இன்னா தம்பி வேணும் உனக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

சுவரைப் பார்த்தபடியே சொன்னான்: "நானு சாப்படறத யாரும் பாக்கக் கூடாது."

அவள் எழுந்து என்னிடம் வந்தாள்.

"மேடம், தட்ட வெச்சிட்டு நீங்க வெளிய போங்க. சாரையும் இட்டுக்கினு போங்க. இன்னா சத்தம் கேட்டாலும் உள்ள வராதீங்க."

தட்டைக் கட்டிலருகே வைத்துவிட்டு, கணவரை அழைத்துக்கொண்டு வெளியே போய்க் கதவைச் சாத்தினேன்.