யாருக்குத் தூக்கம் வருது?

அந்த மனிதரை எனக்குக் கடைசிவரை பிடிக்கவில்லை. இப்போதும் பிடிக்கவில்லை.

எழுபதுகளின் கடைசியில் மெட்ராஸிலிருந்து மனைவியோடு வந்து, செங்கம் ரோட்டில் ரமணாசிரமத்துக்குக் கொஞ்ச தூரத்தில் வீடு எடுத்துத் தங்கியிருந்தார். பெரிய உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். ஆன்மாவைப் பற்றி இங்கிலீஷில் தடிமனாக ஒரு புத்தகம் எழுதி வைத்திருந்தார். அதைத் தமிழாக்க ஆள் தேடினார். பி.ஏ. முடித்துவிட்டுக் கீழ்பென்னாத்தூரில் வீட்டோடு இருந்த என்னை, எனக்குப் பாடம் எடுத்த கல்லூரி ஆசிரியை அங்கே அனுப்பினார்.

விடிவதற்கு முன்பே எழுந்து மாடு கறந்து, அப்பாவுக்கும் அண்ணன்களுக்கும் சமைத்து வைத்துவிட்டு, மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலை மூட்டைகளுக்கு நடுவில் நின்றபடி பஸ்ஸில் வருவேன். அப்படி வந்தும் காலையில் என் தலை நன்றாகவே ஓடும். எப்படிப்பட்ட முடிச்சு வாக்கியமும் அவிழ்ந்து கொடுக்கும். மத்தியானச் சாப்பாடு உள்ளே போனதும் எல்லாம் நின்றுவிடும். மலைப் பக்கம் பார்த்த ஜன்னலிலிருந்து பாறைச் சூடு முகத்தில் அடிக்கும். கரண்ட் இருக்காது. படித்த வரியையே திரும்பத் திரும்பப் படிப்பேன். பேனா தானாகக் கீழே இறங்கிக் கோடு இழுத்துவிட்டு நிற்கும். சோற்றைப் பாதியாகக் குறைத்துப் பார்த்தேன். நின்றுகொண்டு எழுதிப் பார்த்தேன். தொடையைக் கிள்ளிக்கொண்டேன். கன்றிப்போனதுதான் மிச்சம்.

"சார், சாப்பிட்டதும் கொஞ்ச நேரம் கண் அசந்துட்டு எழுதறேனே. அப்புறம் வேகமா முடிச்சிடுவேன்" என்று ஒருநாள் கேட்டேன்.

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

"யாருக்குத் தூக்கம் வருது? உள்ள பாரும்மா. தூங்கணும்னு சொல்றது யாரு?"

சொல்லிவிட்டுத் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அதற்குப் பெயர் தியானம். கொஞ்ச நேரத்தில் குறட்டைச் சத்தம் கூடம்வரை கேட்டது. அவர் மனைவி என்னைப் பார்த்து, "சத்தம் போடாம எழுது" என்றாள்.

அதன்பிறகு நானே ஒரு வழி செய்துகொண்டேன். புரியாத, கஷ்டமான பகுதிகளை எல்லாம் காலையில் மொழிபெயர்த்துவிடுவேன். மத்தியானத்தில் முந்தைய நாள் எழுதியதை நல்ல பிரதி எடுப்பேன். அதற்குக் கை போதும், தலை வேண்டாம். வேலை முன்பைவிட ஜாஸ்தியாகவே நடந்தது. ஒருநாள் அவர் கண்டுபிடித்துவிட்டார்.

"எதை எப்போ செய்யணும்னு உன்னை யாரு முடிவு பண்ணச் சொன்னது? வரிசையா எழுது. மனசு சொல்றபடி ஆடறதுக்கா இங்க வந்திருக்கே?"

வரிசையாக எழுதினேன். அந்த வாரமே வினை வந்தது. ரமணாசிரமம் பக்கம் தங்கியிருந்த நாலைந்து பேரைச் சாயங்காலம் வீட்டுக்கு அழைத்து, என் தாள்களை எடுத்து உரக்க வாசித்துக்கொண்டிருந்தார். திடீரென்று குரல் நின்றது. 'நான் இந்த உடல் அல்ல' என்று இருக்க வேண்டிய இடத்தில், 'நான் இந்த உடல்' என்று எழுதியிருந்தேன். ஒரு 'அல்ல' விட்டுப்போயிருந்தது.

தாளை என் பக்கம் வீசினார். "புத்தகத்தோட உயிரையே கொன்னுட்டியே! சோம்பேறித்தனம், வேற என்ன? கிராமத்துல இருந்து ஆளைக் கூட்டிவந்தது என் தப்பு."

வந்தவர்கள் எல்லாரும் என்னையே பார்த்தார்கள். எனக்கு அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

"தப்பா எழுதல சார். மத்தியானம் சோறு தின்னப்புறம் அதுதான் உண்மை. உங்களுக்கும் அதேதான். நீங்க கதவைச் சாத்திக்கறீங்க, அவ்வளவுதான் வித்தியாசம்."

ஒருத்தர் இருமுவதுபோலச் சிரிப்பை அடக்கினார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டேன்.

மாதம் ஒன்று போயிருக்கும். அவரே பஸ் ஏறி எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து நின்றார். வேறு யார் எழுதினாலும் சரியாக வரவில்லையாம். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. மன்னிப்பு என்ற வார்த்தை மட்டும் அவர் வாயிலிருந்து வரவில்லை.

"காலையில மட்டும் வரேன். மத்தியானம் கிளம்பிடுவேன். சம்மதம்னா சொல்லுங்க" என்றேன்.

"நீ சொல்ற கண்டிஷனுக்கு நான் கட்டுப்படணுமா?"

"வேணாம்னா விடுங்க."

 அவர் திரும்பி, பஸ் நிற்கும் இடத்தைப் பார்த்து நடந்தார். நல்ல வெயில். குடிக்கத் தண்ணீர் வேண்டுமா என்று நான் கேட்கவில்லை.

அடுத்த வருஷம் அவர்கள் வீட்டைக் காலி செய்துகொண்டு மெட்ராஸுக்கே திரும்பிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். தமிழில் அந்தப் புத்தகம் வந்ததா என்று எனக்குத் தெரியாது. எந்தக் கடையிலும் நான் தேடியதில்லை.