கை ஊன்றி உட்கார்ந்த படம்

ஒரகடம் கூட்டுரோட்டில் இருந்த போட்டோ ஸ்டுடியோவில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே முதலாளி சொல்லிவிட்டார்.

"கொயந்தைய பின்னாலேர்ந்து புட்சிக்கணும் மல்லிகா, அவ்ளோதான் வேல. உன் மூஞ்சி படத்துல வரக்கூடாது. கையும் வரக்கூடாது. ஆள் கீறதே தெரியக்கூடாது."

பத்தாவது படித்தவள் நான். நாலு பேர் முன்னால் பேச வராது. எனக்கு ஏற்ற வேலை என்றுதான் நினைத்தேன்.

2010 வாக்கில், தெற்கிலிருந்து கம்பெனி வேலைக்கு வந்த பிள்ளைகள் கல்யாணம் முடித்து வாடகை ரூம்களில் குடித்தனம் வைக்கத் தொடங்கியிருந்தார்கள். குழந்தை பிறந்தால் ஊருக்குப் படம் போகவேண்டும். நாலைந்து மாதத்தில் குப்புற விழுந்து தலை தூக்கும் படம். ஆறேழு மாதத்தில் உட்காரும் படம். அந்த வயதில் பல குழந்தைகளுக்கு இடுப்பு இன்னும் நிற்காது. சிவப்பு வெல்வெட் துணிக்குப் பின்னால் குந்தியிருந்து, துணியோடு சேர்த்து இடுப்பைப் பிடித்துக்கொள்வேன். தெரிகிற மிச்சத்தை முதலாளி கம்ப்யூட்டரில் அழித்துவிடுவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முத்துலட்சுமி என்ற பெண் ஏழு மாதப் பையனோடு வந்தாள். தென்காசிப் பக்கத்துக்காரி. இங்கே பக்கத்தில் வடக்குப்பட்டில் ஒற்றை ரூம். புருஷனுக்கு ஷிப்ட் வேலை.

"நல்லா நிமிந்து உக்காந்த மாதிரி எடுங்கண்ணே," என்றாள்.

"தானா உக்காருதாம்மா?"

"சாஞ்சிருதான். எங்க மாமியா தெனமும் போன்ல கேக்காவ. கொழுந்தன் புள்ள அஞ்சு மாசத்துலயே உக்காந்துட்டாம். 'ஒனக்கு வளக்கத் தெரியல, கோயில் கொடைக்கு வரும்போது புள்ளய எங்கிட்ட விட்டுட்டுப் போ'ன்னு சொல்லுதாவ. இவரும் சரிங்காரு."

சொல்லிவிட்டுப் பையனை இடுப்பில் இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

"பயப்படாத. ராஜா மாதிரி உக்கார வச்சிடலாம்," என்றார் முதலாளி.

பிடித்துக்கொண்டேன். முத்துலட்சுமி கேமராவுக்குப் பக்கத்தில் நின்று கிலுகிலுப்பையை ஆட்டினாள். நாலைந்து படம் எடுத்த பிறகு முதலாளி கத்தினார்.

"மல்லிகா, வளையல் தெரியுது பாரு. கயட்டு!"

வளையலை மேலே தள்ளப் பிடியைத் தளர்த்தினேன். பையன் முன்னால் சாய்ந்தான். பதறிக் கையை நீட்டினேன். அதற்குள் அவனே இரண்டு உள்ளங்கையையும் ஊன்றிக்கொண்டான். தவளை மாதிரி இருந்தான். முதுகு வளைந்து, எச்சில் நூலாக இறங்கியது. விழவில்லை.

"புடிக்காதீங்கக்கா," என்றாள் முத்துலட்சுமி மெல்ல. கிலுகிலுப்பை நின்றுவிட்டது.

என் கை துணிக்குப் பின்னால் அப்படியே காத்திருந்தது. லைட் சரியா என்று பார்க்க முதலாளி ஒரு படம் தட்டினார். அப்புறம் பையன் பக்கவாட்டில் சரிந்தான். ஏந்திக்கொண்டேன்.

கம்ப்யூட்டரில் படங்களைக் காட்டினார் முதலாளி.

"இத்த பாரு, கலெக்டர் மாதிரி கீறான். இது வேஸ்ட்டு. கூனிக்கினு கீறான், ஜொள்ளு வேற."

"அதத்தான் போடுங்கண்ணே."

"இன்னாத்துக்கும்மா?"

"எங்க மாமியா நாலு புள்ள வளத்திருக்காவ. கலெக்டரப் பாத்தா, யாரோ பின்னால புடிச்சிருக்காவன்னு கண்டுபுடிச்சிருவாவ. மொதமொதல்ல இப்படிக் கை ஊனித்தானண்ணே எல்லா புள்ளயும் உக்காரும்?"

படத்தில் பையன் முதுகுக்கும் துணிக்கும் நடுவே இடைவெளி தெரிந்தது. அவள் என்னைப் பார்த்தாள்.

"நீங்க தொடலதானக்கா?"

"தொடலம்மா."

படம் முதலில் தபாலில் போனது. பின்னாலேயே மூவரும் ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போனார்கள்.

கொஞ்ச நாள் கழித்து ஸ்டுடியோக் கதவைத் தள்ளிக்கொண்டு முத்துலட்சுமி வந்தாள். நான் முதலில் பார்த்தது அவள் இடுப்பைத்தான். பையன் இருந்தான்.

"'கை ஊனிட்டாம்லா, இனி அவனே கைய எடுத்துருவான், நீயே பாத்துக்கோ'ன்னுட்டாவக்கா," என்றாள். "அந்தப் படமே பெருசா ஒண்ணு வேணுமாம்."

"ஜொள்ளோடவா?" என்றார் முதலாளி.

"ஜொள்ளோடதான்."

அதற்குப் பிறகு, கேமரா தயாராகும் நேரத்தில் என் பிடியைக் கொஞ்சம் தளர்த்திப் பார்க்கப் பழகிக்கொண்டேன். சில குழந்தைகள் சாயும், ஏந்திக்கொள்வேன். சில குழந்தைகள் கையை ஊன்றி நிலைத்துவிடும். இறுக்கிப் பிடித்தே இருந்தவரை எது சாயும், எது நிற்கும் என்று எனக்குத் தெரிந்ததே இல்லை.