ஐந்தாம் மாடியின் காணாமற்போன ஆடு

யூட்டா மாநிலத்தின் சான்பீட் பள்ளத்தாக்கில் பதினெட்டாயிரம் வான்கோழிகளை ஒற்றை விசிலில் திருப்பி நடத்தியவர் வெர்ல் ஜார்கென்சன். எழுபத்தோராவது வயதில் மனைவி மெர்லீனோடு எங்கள் புரூக்ளின் சபைக்கு ஊழியம் செய்ய வந்த அந்த மனிதருக்கு ஒரே ஒரு காரை நிறுத்தத் தெரியவில்லை. திங்கள், வியாழன் தெருவின் இந்தப் பக்கம் பெருக்குகிற வண்டி வரும். செவ்வாய், வெள்ளி அந்தப் பக்கம். அந்நேரம் அந்தப் பக்கம் கார் நின்றால் அபராதம். வேதவசனம் மாதிரி இதை மனப்பாடம் செய்திருந்தார். ஆனால் வீட்டை விட்டு வெளியே வந்ததும் எது இந்தப் பக்கம், எது அந்தப் பக்கம் என்பது மறந்துவிடும்.

அவர்களுடைய மற்றக் குழப்பங்களுக்கு நகரம் பொறுப்பல்ல, நாங்கள்தான் பொறுப்பு. எங்கள் மோர்மன் சபையில் ஊழியக்காரர்கள் ஒருவரையொருவர் பட்டம் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். நாற்பத்தாறு வருடமாக "வெர்ல், பூட்ஸைக் கழட்டு" என்று சொல்லி வந்த மெர்லீன், சட்டையில் கறுப்புப் பெயர்ப் பலகை ஏறிய நாளிலிருந்து "மூப்பர் ஜார்கென்சன், பூட்ஸைக் கழட்டுங்க" என்றார். சொல்கிற தொனி மட்டும் மாறவில்லை. இணை ஊழியர்கள் பிரியக்கூடாது என்று இன்னொரு விதி. இருபது வயதுப் பையன்களுக்காக எழுதப்பட்ட விதி அது. வெர்ல் அதை மதித்து, பெண்கள் கழிப்பறை வாசலில் மனைவியின் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு காவல் நின்றார். போகிற வருகிற புரூக்ளின்வாசிகள் பெயர்ப் பலகையைப் படித்துவிட்டு, அவர் ஏதோ நேர்ச்சை நிறைவேற்றுகிறார் என்று எண்ணி ஒதுங்கிப் போனார்கள்.

அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட வேலை, காணாமற்போனவர்களைத் தேடுவது. சபைப் பதிவேட்டில் பெயர் இருந்து, கோவில் பக்கம் தலைகாட்டாதவர்கள் நாற்பத்து மூன்று பேர். அந்தப் பட்டியலைத் தயாரித்தவன் சபை எழுத்தனாகிய நான். முகவரிகள் கொஞ்சம் பழையவை. எவ்வளவு பழையவை என்றால், மூன்று வீடுகள் இருந்த இடத்தில் இப்போது மருந்துக்கடை இருக்கிறது. பட்டியலில் ஏழு பேர் இறந்துபோனவர்கள். அவர்கள் சபைக்கு வராததற்கு நியாயமான காரணம் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

பதினொரு மாதம் ஏறி இறங்கியும் ஒருவர்கூடக் கிடைக்கவில்லை. வெர்ல் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வான்கோழி வளர்த்தவருக்கு நஷ்டம் பழக்கம். மெர்லீனுக்கு அப்படி இல்லை. அவருடைய மகன் கெண்டல், முப்பத்தெட்டு வயது, பாய்சி நகரத்தில் தச்சு வேலை. ஆறு வருடமாகச் சபைக்கு வருவதில்லை; அதைப் பற்றிப் பேச்செடுத்தால் வானிலை பற்றிப் பேசுவான். மெர்லீன் கர்த்தரிடம் ஓர் ஒப்பந்தம் போட்டிருந்தார். நான் உன்னுடைய ஓர் ஆட்டைக் கண்டுபிடித்து ஞாயிற்றுக்கிழமை என் பக்கத்தில் உட்காரவைக்கிறேன். நீ என்னுடையதைத் திருப்பிக் கொடு. பிப்ரவரிக் கடைசியில் ஊழியம் முடிகிறது, அதற்குள். இதை அவர் என் மனைவியிடம் ரகசியமாகச் சொன்னார். ஆகவே அடுத்த ஞாயிறு முழுச் சபைக்கும் தெரிந்திருந்தது.

ஜூலை மாதத்து வெக்கையில் பட்டியலின் முப்பத்தோராவது பெயருக்கு வந்தார்கள்: வால்ட்டர் பிங்க்னி. லிஃப்ட் இல்லாத ஐந்தாம் மாடி. கதவைத் திறந்தவர் நெடிய, கறுத்த, வெள்ளை மீசைக்காரர். மெர்லீன் மூச்சு வாங்கிக்கொண்டு, நீங்கள்தானே சகோதரர் பிங்க்னி என்று கேட்டார். அந்த மனிதர் அவர் முகத்தைப் பார்த்தார், மேலே போகிற படிக்கட்டைப் பார்த்தார், ஆமாம் என்றார். விசிறியைத் திருப்பிவைத்து, குளிர்ந்த தண்ணீர் கொடுத்தார்.

அவர் பிங்க்னி இல்லை. அவர் பெயர் எகர்டன் ஹைண்ட்ஸ். பார்படோஸ்காரர், இருபத்தொன்பது வருடம் இந்த ஊரில் பேருந்து ஓட்டியவர், மனைவியை இழந்தவர், காபியையும் மதுவையும் எங்களைப் போலவே விலக்குகிற ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையில் டீக்கன் என்ற பொறுப்பில் இருப்பவர். சனிக்கிழமை ஓய்வுநாளை ஒரு நிமிடம் பிசகாமல் அனுசரிக்கிறவர். இதெல்லாம் எங்களுக்குப் பின்னால் தெரிந்தது. ஜார்கென்சன் தம்பதிக்கு அன்றைக்குத் தெரிந்ததெல்லாம், தொலைந்த ஆடு அகப்பட்டுவிட்டது என்பதுதான்.

வேறு யாராக இருந்தாலும் இரண்டாவது வாரமே சந்தேகப்பட்டிருப்பார்கள். இவர்களுக்கோ வாரா வாரம் நம்பிக்கை வளர்ந்தது. வியாழக்கிழமைதோறும் மெர்லீன் பட்டை மணக்கும் இனிப்பு ரொட்டிச் சுருள்களோடு படியேறினார். அந்த வீட்டில் காபி இல்லை, தேநீர் இல்லை, மது இல்லை, புகையிலை இல்லை. மோர்மன் இல்லாத ஒரு மனிதன் இந்த நாலும் இல்லாமல் உயிர் வாழ முடியும் என்பது சான்பீட் பள்ளத்தாக்கில் யாரும் கேள்விப்படாத விஷயம். ஆக, அவர் மோர்மன்தான். வீதியில் நிறுத்திக் கேட்டாலும் மோர்மன்தான்.

குழப்பம் பன்றித்தொடைத் துண்டுகளில் ஆரம்பித்தது. மெர்லீன் ஒரு நாள் உருளைக்கிழங்கும் சீஸும் பன்றித்தொடையும் போட்டு அடுப்பில் வேகவைத்த பதார்த்தம் கொண்டுபோனார். எங்கள் சபையில் யாராவது செத்தாலும் இதுதான், பிறந்தாலும் இதுதான். எகர்டன் துண்டு துண்டாக இறைச்சியைப் பொறுக்கித் தட்டோரம் வைத்துவிட்டு மீதியைச் சாப்பிட்டார். தான் இறைச்சியே தொடுவதில்லை என்றார்.

காபியை விலக்கச் சொல்லும் அதே கட்டளையில், இறைச்சியைக் கொஞ்சமாகத் தின்னுங்கள், குளிருக்கும் பஞ்சத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள் என்றும் ஒரு வசனம் இருக்கிறது. நாங்கள் எல்லோரும் அதைத் தொப்பியைக் கழற்றி வணங்கிவிட்டுத் தாண்டிப் போவோம். வெர்ல் அன்றைக்குக் காரில் ஏறியும் சாவியைத் திருகவில்லையாம்.

"மெர்லீன், நாம அவரைத் தேடி வந்தோமா, அவர் நம்மளைத் தேடி வந்தாரா?"

"நான் மூப்பர் ஜார்கென்சன்னு சொன்னா நீங்க சகோதரின்னுதான் சொல்லணும். காரை எடுங்க."

"பதினெட்டாயிரம் வான்கோழி, மெர்லீன். வருஷா வருஷம் கறிக்கு வித்தேன்."

"காரை எடு வெர்ல்."

எகர்டனும் சும்மா இருக்கவில்லை. ஒரு பொய் சொல்லிவிட்ட நல்ல மனிதர் அந்தப் பொய்க்கு வட்டி கட்டுவது போல வெர்லுக்குக் கார் நிறுத்தக் கற்றுக்கொடுத்தார். ஜன்னலில் நின்று பெருக்குகிற வண்டி வருகிறது என்று கைகாட்டுவார். நடுநடுவே வேதத்தைத் திறந்து, ஓய்வுநாள் ஏழாம் நாள்தானே என்று சாதுவாகக் கேட்பார். இவர்கள் அவரை ஞாயிற்றுக்கிழமைக்கு இழுக்க, அவர் இவர்களைச் சனிக்கிழமைக்கு இழுக்க, இரு தரப்பும் எதிராளி நன்றாகத் தேறிவருவதாக நினைத்துக்கொண்டது.

டிசம்பர் கடைசி வியாழன் மெர்லீன் நேராகவே கேட்டார். எங்கள் ஊழியம் முடியப்போகிறது, ஒரே ஒரு ஞாயிறு வந்து என் பக்கத்தில் உட்காருங்கள். எதற்கு அது என்று மகன் கதையையும் சொன்னார். எகர்டன் நெடுநேரம் மீசையைத் தடவினார். பிறகு வருகிறேன் என்றார்.

அன்று மாலையே மெர்லீன் மகனுக்கு எழுதினார்: நான் சொல்லிவந்த வால்ட்டர் பிங்க்னி ஞாயிற்றுக்கிழமை சபைக்கு வருகிறார். சபை சம்பந்தமான எதற்கும் ஆறு வருடமாகப் பதில் எழுதாத கெண்டல், பதில் எழுதினான். "நிஜமா வந்தா சொல்லு." ஒரே வரி. அந்த வரியை மெர்லீன் எனக்குக் காட்டினார், என் மனைவிக்குக் காட்டினார், காய்கறிக் கடைக்காரருக்கும் காட்டினார்.

வெள்ளிக்கிழமை எனக்கு ஒரு கடிதம் வந்தது. அரிசோனாவில் மேசா நகரத்துச் சபையின் எழுத்தர் எழுதியிருந்தார். எங்கள் சகோதரர் வால்ட்டர் பிங்க்னி பதினோரு வருடமாக இங்கே ஒரு ஞாயிறு தவறாமல் வருகிறார், பாடகர் குழுவில் இருக்கிறார், அவருடைய பதிவு மட்டும் இன்னும் உங்களிடமே இருக்கிறது, தயவுசெய்து அனுப்பவும். நான் வெர்லைப் போனில் கூப்பிட்டுச் சொன்னேன்.

"அப்போ நம்ம ரொட்டிச் சுருளை ஆறு மாசமாத் தின்னது யாரு?"

எனக்குத் தெரியாது என்றேன். மெர்லீனிடம் சொல்ல வேண்டாமா என்று கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை முடியட்டும் என்றார் வெர்ல். திருமண வாழ்க்கையில் அவர் எடுத்த முதல் தனி முடிவு அதுவாகத்தான் இருக்கும்.

அது ஜனவரியின் முதல் ஞாயிறு. மாதத்தின் முதல் ஞாயிறு எங்களுக்கு உபவாச நாள். பிரசங்கம் கிடையாது, மனம் ஏவப்பட்டவர் யாரும் மேடையேறிச் சாட்சி சொல்லலாம். எகர்டன் சாம்பல் நிறக் கோட்டு, நீலக் கழுத்துப்பட்டையோடு, கையில் சுடச்சுடத் தேங்காய் ரொட்டியோடு வந்தார். காலையிலிருந்து பட்டினி கிடந்த நூற்றிருபது பேர் அந்த வாசனையை முகர்ந்து பாவசிந்தனைக்கு உள்ளானார்கள். எகர்டன் மெர்லீன் பக்கத்தில் உட்கார்ந்தார். மெர்லீன் முகத்தில் இருந்த ஒளியை நான் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாலு பேர் சாட்சி சொன்ன பிறகு எகர்டன் எழுந்தார். மேடைக்குப் போய், பேருந்து ஓட்டுநர்களுக்கே உரிய பொறுமையோடு ஒலிவாங்கியைச் சரிசெய்தார்.

"நான் பிங்க்னி இல்ல. என் பேரு எகர்டன் ஹைண்ட்ஸ். நேத்து என் சொந்தச் சபையில உட்கார்ந்திருந்தேன், இன்னைக்கு உங்க சபையில. ஒரே வாரத்துல ரெண்டு ஓய்வுநாளை என் முழங்கால் தாங்காது. பொய் சொன்னேன். அந்த அம்மாகிட்ட மன்னிப்புக் கேட்கணும். வேற எங்க கேட்கிறதுன்னு தெரியல, இங்கதான் மேடை திறந்திருக்கு."

ஆமென் சொல்வதா வேண்டாமா என்று சபைக்குத் தெரியவில்லை. பாதிப் பேர் சொன்னார்கள். அவர் இறங்கி வந்து, எங்கே உட்காருவது என்று தயங்கி நின்றார். மெர்லீன் அவரைப் பார்க்கவில்லை. ஆனால் பெஞ்சில் வைத்திருந்த கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அவர் அங்கேயே உட்கார்ந்தார்.

கூட்டம் முடிந்ததும் மெர்லீன் கேட்டது ஒன்றுதான்.

"ஏன் ஆமான்னு சொன்னீங்க?"

"உங்க முகம் பீட்ரூட் மாதிரி இருந்துச்சு சகோதரி. இல்லைன்னு சொல்லியிருந்தா ஆறாம் மாடிக்கு ஏறியிருப்பீங்க."

வெர்ல் இடையில் புகுந்து, அப்படியானால் வான்கோழி தின்பது பாவமா இல்லையா என்று கேட்டார். அவருக்கு அதுதான் ஆறு மாதத்துக் கவலை.

திங்கட்கிழமை மெர்லீன் மகனைக் கூப்பிட்டு உள்ளதைச் சொன்னார். பிங்க்னி வரவில்லை, பிங்க்னி தொலையவே இல்லை, வந்தவர் வேறொருவர். கெண்டல் போனைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தானாம். மறுபடி எடுத்து, ஊருக்குத் திரும்பியதும் நீங்கள் இருவரும் சபையில் எழுந்து ஊழியத்தைப் பற்றிப் பேச வேண்டுமே, அதில் இந்தக் கதையைச் சொல்வாயா என்று கேட்டான். சொல்வேன் என்றார் மெர்லீன். அப்படியானால் கடைசி வரிசையில் வந்து உட்காருகிறேன், அன்றைக்கு மட்டும் என்றான்.

கர்த்தர் ஒப்பந்தத்தை நிறைவேற்றிவிட்டாரா, அல்லது மகன் வேடிக்கை பார்க்க வருகிறானா? மெர்லீனுக்கு விளங்கவில்லை. பட்டியலில் இல்லாத ஆடு கணக்கில் சேருமா என்று என்னைக் கேட்டார். படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை என்றேன். அது உங்கள் படிவத்தின் குறை என்றார்.

பிப்ரவரியில் புறப்படும் நாளன்று பட்டியலை என்னிடம் திருப்பிக் கொடுத்தார்கள். கார் அன்றைக்கும் தவறான பக்கத்தில்தான் நின்றது. எகர்டன் கீழே நின்று பெருக்குகிற வண்டியை ஏதேதோ சொல்லித் தடுத்துக்கொண்டிருந்தார். முப்பத்தோராவது பெயருக்கு எதிரே மெர்லீன் பென்சிலால் எழுதியிருந்தது இது: "அரிசோனாவில் இருக்கிறார். வந்தார்."

இதை எந்தக் கட்டத்தில் ஏற்றுவது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.