சுவருக்கு வெளியே போன மண்

எங்கள் வீடு கட்டியபோது தெருவைவிட உயரமாக இருந்ததாம். தார்ச்சாலை போடப்போட வீடு தாழ்ந்துகொண்டே வந்து, நான் வாழவந்த காலத்தில் ஐப்பசி மழை தடையின்றி உள்ளே நுழையும் நிலையை எட்டியிருந்தது. தொண்ணூறுகளின் நடுவில் எனக்குப் பேறுகாலம் நெருங்கியது. போய்த் தங்கத் தாய்வீடு இல்லை. பச்சைக்குழந்தையோடு அடைமழையை இந்த வீட்டில்தான் கழித்தாக வேண்டும். அதற்குள் மண்ணடித்துத் தரையை உயர்த்திவிட வேண்டும் என்பதே என் கணவரின் ஒரே நினைப்பு.

தச்சநல்லூருக்கு வடக்கே, மூடிக்கிடந்த சாயத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர் அவர். முள்மண்டிய அந்த நிலத்தைத் திருத்த அரசு உதவி வந்திருந்தது. சாயம் ஊறிய மண்ணை வழித்தெடுத்துத் தொலைவிலிருந்த குழியில் கொட்டிவிட்டு, புதுமண் பரப்பிச் சிறு பட்டறைகள் கட்டுவதாகத் திட்டம். மண்லாரிகள் எங்கள் தெரு வழியே போயின. மண்லாரியைக் கண்டால் எங்கள் ஊரில் எவருக்கும் கை சும்மா இராது. இவரும் மறித்தார்.

"எங்கயோ கொண்டு தட்டுத மண்ண இங்கன ஒரு லோடு தட்டிட்டுப் போம்வே."

"சாய மண்ணுல்லா அண்ணாச்சி?" என்றார் ஓட்டுநர்.

"சாயத்தொட்டிக்கு அடியில உள்ளதுதாம்வே சாய மண்ணு. இது ஆலை வாசப்பக்கத்து மேல்மண்ணு. நான் பாக்காத மண்ணா?"

அவர் சொன்னதை நம்பி அடுத்த வீட்டுக்காரரும் ஒரு லோடு வாங்கிக்கொண்டார்.

மறுநாள் தூறல் விழுந்தது. குவியலின் அடியிலிருந்து ஊதாநிறத்தில் நீர் கசிந்தது. கூடவே எழுந்தது, மணமான புதிதில் எந்தச் சோப்புக்கும் போகாமல் அவர் சட்டையில் தங்கியிருந்த வாசனை. அவர் வீடு திரும்பிவிட்டார் என்று எனக்கு முதலில் சொல்வது அந்த வாசனைதான்; அதை நான் வெறுத்ததில்லை. அவரோ குந்தி உட்கார்ந்து ஒரு பிடி அள்ளி முகர்ந்தார்.

"வாசப்பக்கமும் ஊறிட்டு. இதுமேல பிள்ள தவழக்கூடாது."

காலையில் திட்டப் பொறியாளரிடம் போனார். பொறியாளர் கோபிக்கவில்லை, தலையைத்தான் சொறிந்தார்.

"ஆலைச் சுவருக்குள்ள இருக்கிற மண்ண அள்ளத்தான் எங்களுக்கு அனுமதி. வெளிய போனத எப்படி அள்ளுவேன்?"

"திரும்பக் கொண்டாந்து சுவருக்குள்ள போட்டா?"

பொறியாளர் சிரித்துவிட்டார். "போட்டா அது அரசாங்க மண்ணு!"

என் கணவர் தள்ளுவண்டி ஒன்றை இரவல் வாங்கி, எங்கள் மண்ணைத் திரும்ப ஏற்றினார். அடுத்த வீட்டுக்காரர் அதற்குள் அறைக்குள் பரப்பி முடித்திருந்தார். அதையும் அள்ளச் சொன்னதற்கு மல்லுக்கு வந்தார்.

"இத்தன வருசம் அந்த மண்ணுலதான கெடந்தீரு? நீரு என்ன, செத்தா போனீரு?"

"நான் சாகலதாம்வே. அதுக்காக உம்ம பேத்திய அதுல உருள விடுவீரா?"

அடுத்த வீட்டுக்காரர் முறைத்துக்கொண்டு உள்ளே போனார். சற்று நேரத்தில் மண்வெட்டியோடு வெளியே வந்தார். "நீரு சொல்லித்தான வே வாங்குனேன்? என் மண்ணையும் நீரே தள்ளும். பைய, சக்கரம் களண்டிரப் போவுது."

இரண்டு வீட்டு மண்ணும் சுவருக்குள் போய்ச் சேர்வதற்குள் வேறு மண் தேடும் காலம் கடந்துவிட்டது. மகள் பிறந்தாள். ஐப்பசி மழை எப்போதும்போல் வந்தது. கட்டிலின் கால்களுக்குச் செங்கல் வைத்து உயர்த்தி என்னை அதில் உட்காரவைத்தார். சேலைத் தொட்டிலை உத்தரத்தில் ஏற்றிக் கட்டினார். கணுக்கால் அளவு நீரில் நின்றபடி ஆட்டிக்கொண்டே இருந்தார்.

"கால் வெறச்சிரும், கட்டில்ல ஏறுங்க" என்றேன்.

"சத்தம் போடாத. இப்பந்தான் கண்ண மூடுதா."